இரண்டு வெள்ளைகளும் ஒரு கட்டிலும்

"இடது பக்கம் இருக்கறதுதான் முத்து வெள்ளை, மாமா" என்று மாப்பிள்ளை அன்று காலையிலேயே மூன்றாவது முறையாகச் சொன்னான்.

கட்டிலில் படுத்திருந்த மாமனார் எழுந்திருக்கவில்லை. தலையணையை இரண்டாக மடித்துத் தலையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு, மேசைமேல் சாய்த்து வைத்திருந்த இரண்டு அட்டைகளையும் பார்த்தார்.

"அப்ப வலது பக்கம்?"

"அது விடியல் வெள்ளை."

"அதுவும் வெள்ளையாத்தானே இருக்கு?"

"வெள்ளைதான் மாமா. ஒண்ணுல கொஞ்சம் மஞ்சள் கலந்திருக்கு. இன்னொண்ணுல கொஞ்சம் சாம்பல்."

"எனக்கு ரெண்டும் ஒரே சட்டை மாதிரிதான் தெரியுது. ஒண்ணு வாங்கின அன்னைக்கு, இன்னொண்ணு நாலு தடவை துவைச்சப்புறம்."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் சிரித்தான். மாமனார் எதைச் சொன்னாலும் முதலில் சிரித்துவிட்டு, அது சிரிக்க வேண்டிய விஷயம்தானா என்று பிறகு யோசிப்பது கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு இருந்த பழக்கம்.

அவனை மாப்பிள்ளை என்றே சொல்லிக்கொண்டு போகலாம். அந்த வீட்டுக்குள் அப்போது அவனுக்கு இருந்த ஒரே பதவி அதுதான். வெளியே அவன் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை செய்பவன். மேற்பார்வையாளர் ஆவதற்காக மாலை வகுப்பில் சேர்ந்திருந்தான். பரீட்சையை மூன்று முறைதான் எழுதலாம். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தோற்றாயிற்று. மூன்றாவது முறை வரப்போகிறது. இதிலும் கோட்டைவிட்டால் ஆயுளுக்கும் அடுத்தவர் அதட்டலில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

படிப்பதற்கென்று வீட்டில் ஒரு சின்ன அறை இருந்தது. அதில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஜன்னலோரம் ஒரு கட்டில். நாற்காலி முதுகைக் குத்தும் என்பதால் அவன் கட்டிலில் சாய்ந்தபடி படிப்பான்.

"படிக்கறீங்களா, தூங்கறீங்களா?" என்று மனைவி ஒருமுறை வாசலில் நின்று கேட்டிருக்கிறாள்.

"கண்ணை மூடி மனசுல பதிய வைக்கறேன். உனக்கு இதெல்லாம் புரியாது" என்று அவன் கோபித்துக்கொண்டான். அதன் பிறகு அவள் கேட்டதில்லை.

அந்த அறைக்குத்தான் மாமனார் ஒரு பையோடு வந்து சேர்ந்தார். அவர் வீட்டு ஹாலில் பெயிண்ட் வேலை நடக்கிறதாம். அந்த வாசம் அவருக்கு ஆகாதாம். மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காதாம். மூன்றே நாள், வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவதாகச் சொன்னார். மூன்று நாள் மூன்று வாரமாயிற்று. கலர் முடிவாகாததால் வேலை பாதியில் நிற்கிறது என்றார். பெயிண்டர் இரண்டு கலரைப் பூசிக் கொடுத்த அட்டைகளைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"இதுல ஒண்ணை முடிவு பண்ணிட்டா மறுநாளே நான் கிளம்பிடுவேன், மாப்பிள்ளை."

அன்றிலிருந்து மாப்பிள்ளையின் பாடத்திட்டத்தில் ஓர் அத்தியாயம் கூடிவிட்டது.

"முத்து வெள்ளையே நல்லா இருக்கு மாமா" என்றான் இப்போது, ஒரு முடிவுக்கு வந்தவனாக.

"நானும் அதேதான் நினைச்சேன்."

மாப்பிள்ளையின் நெஞ்சில் ஒரு லிஃப்ட் மேலே கிளம்பியது.

"ஆனா..." என்றார் மாமனார். "எனக்காகச் சொல்றீங்களோன்னு ஒரு உறுத்தல். உங்க மனசுல விடியல் வெள்ளைதான் இருக்கு."

"சத்தியமா இல்ல மாமா."

"பாத்தீங்களா, சத்தியம் பண்ற அளவுக்கு மறைக்கறீங்க. வேண்டாம். விடியல் வெள்ளையே இருக்கட்டும்."

"சரி மாமா, விடியல் வெள்ளை."

"இப்பவும் எனக்காகத்தான் சொல்றீங்க."

லிஃப்ட் பாதி வழியில் நின்றுவிட்டது.

சமையலறையில் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"உங்கப்பா பகல்லயும் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டேங்கறாரு. தூக்கமும் வரலையாம். அப்புறம் எதுக்குப் படுத்திருக்காரு? நான் எங்க உக்காந்து படிக்கறது?"

"வயசானவர். அவசரப்படுத்தினா நல்லாவா இருக்கும்? இந்த மேசையில உக்காந்து படிங்க. நான் பாட்டுக்கு வேலையைப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

சமையலறை மேசைக்கு முக்காலிதான் இருந்தது. சாயவும் முடியாது, காலை நீட்டவும் முடியாது. அவன் பிரேக் பாடத்தைத் திறந்தான். இரண்டு பக்கம் போனதும் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கின. இமை தாழ்ந்தது. உடனே ஒரு தட்டு தரையில் விழுந்து உருண்டது.

"கை தவறிடுச்சுங்க" என்றாள் மனைவி.

அவன் திடுக்கிட்டு மறுபடி பிரேக்குக்குப் போனான். சற்று நேரத்தில் ஒரு கரண்டி விழுந்தது. அதற்குப் பின் ஒரு மூடி. அந்த மாதம் முழுவதும் அவளுக்குக் கை சரியில்லை. பாவம், அப்பாவைக் கவனிக்கும் அலுப்பு என்று அவன் நினைத்துக்கொண்டான். பாடம் முடியும்வரை எழ முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் வேலையிடத்திலிருந்து பெயிண்டருக்குப் போன் போட்டான். மாமனார் வீட்டுக்கு எப்போதும் வருகிறவர்தான். அவன் கல்யாணத்துக்குக்கூட வந்திருந்தார்.

"ஏதாவது ஒரு வெள்ளையை நீங்களே அடிச்சு முடிச்சிடக் கூடாதா?"

எதிர்முனையில் ஓர் இருமல் கேட்டது. "அது... அய்யா வாயைத் திறந்தாத்தான் சார், நான் டப்பாவைத் திறக்க முடியும்."

"ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே?"

"இல்லைங்க. அதனாலதான் கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பெயிண்டர் வைத்துவிட்டார்.

மாப்பிள்ளை முறையாக யோசிக்கக்கூடியவன். ஒரு லிஃப்ட் நின்றுபோனால் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பழுதைப் பிடிப்பான். பிடித்த பிறகு, அதுதானா பழுது என்று தன்னையே சந்தேகப்பட்டு மறுபடி மேலிருந்து தொடங்குவான் என்பது வேறு விஷயம். கலர் விஷயத்தையும் அப்படியே சோதித்ததில் அவனுக்குப் பழுது அகப்பட்டது. அட்டை! அட்டை பெயிண்டை உறிஞ்சுகிறது. சுவரில் பூசினால்தான் உண்மையான நிறம் தெரியும்.

வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு கணக்கும் உள்ளே ஓடியது. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் பூசினால் வாசம் மூக்கில் ஏறும். தும்மல் வரும். மாமனார் ஹாலுக்கு இடம் மாறியே ஆக வேண்டும்.

"வாடகை வீட்டுச் சுவருங்க. மாடியில வீட்டுக்கார அம்மாவுக்குத் தெரிஞ்சா?" என்றாள் மனைவி.

"அவங்க எங்க கீழ வரப்போறாங்க?"

இரண்டு சின்ன டப்பாவும் ஒரு பிரஷும் வாங்கி வந்தான். எதிர்ச் சுவரில் இரண்டு சதுரம் வரைந்து, இடதில் முத்து வெள்ளையும் வலதில் விடியல் வெள்ளையும் பூசினான். ஜன்னலை மெதுவாகச் சாத்தினான். பிறகு மாமனாரின் மூக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மாமனார் மூச்சை நன்றாக இழுத்துவிட்டார்.

"நல்ல கம்பெனி பெயிண்ட், மாப்பிள்ளை. வாசமே இல்ல."

மாப்பிள்ளை தும்மினான். தொடர்ந்து தும்மினான்.

"உங்களுக்குத்தான் ஒத்துக்கல போலிருக்கு. நீங்க வெளிய இருங்க" என்றார் மாமனார் அக்கறையோடு. "ஒரு கை பூசினா நிறம் தெரியாது. காயட்டும். காய்ஞ்சதும் இன்னொரு கை போடுங்க. அதுவும் காயணும்."

அறைக்கும் சமையலறைக்கும் நடுவே நடைபாதை மாதிரி ஓர் இடம் இருந்தது. அங்கே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பெயிண்ட் காய்வதற்காகக் காத்திருந்தான். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் லிஃப்டின் பாரத்தைச் சமன்செய்யும் எதிர் எடை பற்றிய பாடத்தை எடுத்தான். வாளியின் விளிம்பு உட்காருமிடத்தில் அழுத்தியது. தூங்குவதை விடுங்கள், நிம்மதியாகக் கொட்டாவி விடக்கூட அதன்மேல் முடியாது. இரண்டாவது கை காய்ந்தபோது எதிர் எடை முழுவதும் முடிந்திருந்தது. அதை அவன் கவனிக்கவில்லை. அவன் கவனம் எல்லாம் சுவரில் இருந்தது.

"இப்ப பாருங்க மாமா."

மாமனார் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மற்ற கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"பக்கத்துல பக்கத்துல இருக்கறதுதான் சிக்கலே. அதைப் பாத்தா இது மஞ்சளாத் தெரியுது. இதைப் பாத்தா அது அழுக்காத் தெரியுது. உங்களையும் என்னையும் பக்கத்துல நிக்க வச்சா நான் குள்ளமாத் தெரிவேன். தனியா நின்னா நான் குள்ளமா?"

"இல்லவே இல்ல மாமா."

"அப்ப?"

அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டையும் பிரிக்க வேண்டும். ஜன்னல் பக்கச் சுவரில் முத்து வெள்ளையையும் அலமாரிச் சுவரில் விடியல் வெள்ளையையும் தனித்தனியே பூசுவதற்காக அலமாரியை நகர்த்தினான். அலமாரி வந்து நிற்க இடமில்லாமல் மேசையை ஹாலுக்கு இழுத்துப் போட்டான். நாற்காலி மேசைமேல் ஏறியது. புத்தகங்கள் நாற்காலிமேல் ஏறின. அந்த அறையில் இருந்த எல்லாமே இடம் மாறிவிட்டது, கட்டிலைத் தவிர.

"கட்டிலையும் ஹால்ல போட்டுடலாமா மாமா? உங்களுக்கு வசதியா டிவி பாக்கலாம்" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தான்.

"ஐயையோ! அப்புறம் எங்கேயிருந்து பாத்து கலரை முடிவு பண்றது?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹாலில் மேசை குறுக்கே நின்றதால் அங்கே உட்காரவும் வழியில்லை. சமையலறையில் தட்டுகள் விழுந்தபடி இருந்தன. மாப்பிள்ளை புத்தகத்தோடு மாடிப்படிக்குப் போனான். அதுவரை அவனுக்குப் பிடிபடாமல் ஓடிக்கொண்டிருந்த பாடம் ஒன்று உண்டு. கம்பி வடம் அறுந்தாலும் லிஃப்ட் விழாமல் எது பிடித்துக்கொள்கிறது என்ற பாடம். யாராவது ஏறும்போதும் இறங்கும்போதும் எழுந்து வழிவிட வேண்டியிருந்ததால், ஒவ்வொரு வரியையும் விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடிக்க வேண்டியதாயிற்று. அப்படிப் பிடித்துப் பிடித்தே அது மனதில் உட்கார்ந்துவிட்டது.

நாலாவது முறை எழுந்து வழிவிட்டபோது எதிரே நின்றது வீட்டுக்கார அம்மா.

"என்ன தம்பி, வீட்டை விட்டுத் துரத்திட்டாங்களா?"

"இல்லம்மா, படிக்கறேன்."

"மாடிப்படியிலயா? நல்ல கூத்தா இருக்கே. வீட்டுக்குள்ள இடமில்லன்னா நான் வந்து உன் பெண்டாட்டிகிட்ட பேசறேன்" என்று அந்த அம்மா நல்ல மனதோடு கீழே இறங்கினாள்.

"வேண்டாம்மா! வேண்டவே வேண்டாம்!" என்று அவன் பின்னாலேயே ஓடினான்.

அந்த அம்மா சின்ன அறையின் வாசலில் நின்றாள். எதிர்ச் சுவரில் இரண்டு சதுரம். ஜன்னல் பக்கம் ஒன்று. அலமாரி இருந்த இடத்தில் ஒன்று. கட்டிலில் மாமனார் படுத்தபடியே கை கூப்பினார்.

"சுவத்துக்கு என்ன வியாதி?" என்றாள் வீட்டுக்கார அம்மா.

"கலர் பாக்கறோம்மா."

"யாரைக் கேட்டு என் வீட்டுக்குக் கலர் பாக்கறீங்க?"

"இந்த வீட்டுக்கு இல்லம்மா. மாமா வீட்டுக்கு."

அந்த அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அவங்க வீட்டுக்குக் கலர் பாக்க என் வீட்டுச் சுவரா? இந்த அறை பூராவும் ஒரே கலரா அடிச்சுக் குடுத்துடு தம்பி. எந்தக் கலரோ, எனக்கு அதெல்லாம் கவலையில்ல."

போகிற போக்கில் அந்த அம்மா சொன்ன கடைசி வார்த்தைகள் மாப்பிள்ளையின் காதில் இடியாக விழுந்தன. எந்தக் கலர் என்பதுதானே அந்த வீட்டில் தீராமல் கிடந்தது! இனி மாமனார் வீட்டுக்கு மட்டுமல்ல, தன் வீட்டுக்கும் அவன் முடிவு எடுத்தாக வேண்டும்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் மனைவி.

"என்ன சொன்னே?"

"வாடகை வீட்டுச் சுவருன்னு."

அவனுக்குத் தலை சூடாகிவிட்டது. முத்துவும் வேண்டாம், விடியலும் வேண்டாம் என்று இரண்டு டப்பாவையும் ஒரே வாளியில் கவிழ்த்து, ஒரு குச்சியால் கலக்கினான். ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டால் இரண்டுக்கும் சண்டை ஏது? அதை எடுத்துப்போய் எதிர்ச் சுவரில், இரண்டு சதுரத்துக்கும் நடுவே இருந்த இடத்தில் பூசினான்.

"ரெண்டும் இதுல இருக்கு மாமா. சமமா இருக்கு. இதுக்கு மேல நியாயம் பண்ண முடியாது."

"அழகா இருக்கே!" என்றாள் மனைவி. "இதுக்கு என்னங்க பேரு?"

"நிம்மதி வெள்ளை" என்றான் பல்லைக் கடித்தபடி.

மாமனார் முதல் முறையாகக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளைக்குக் கண்ணில் நீர் வந்துவிடும் போலிருந்தது. மாமனார் ஆர அமரப் பார்த்தார். தாடையைத் தடவினார். மறுபடி படுத்துக்கொண்டார்.

"இதுவரைக்கும் ரெண்டுல ஒண்ணுன்னு இருந்துச்சு, மாப்பிள்ளை" என்றார். "இப்ப மூணுல ஒண்ணு ஆயிடுச்சு."

மாப்பிள்ளை புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனான். படியில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் பேருந்து நிறுத்தத்தின் இரும்புப் பலகையில் போய் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு பரீட்சை வரும்வரை அவன் வெள்ளையைப் பற்றி வாய் திறக்கவில்லை. விடிந்தால் பேருந்து நிறுத்தம், மாலையில் வகுப்பு, வந்ததும் முக்காலி. தட்டு, கரண்டி, மூடி. மாமனார் மட்டும் இடையிடையே கட்டிலிலிருந்து குரல் கொடுப்பார்.

"எந்தப் பாடத்துல இருக்கீங்க மாப்பிள்ளை?"

"பத்தாவது" என்பான் கடுப்போடு.

"நல்லது நல்லது. நானும் இங்க முத்துக்கும் விடியலுக்கும் நடுவுலதான் இருக்கேன்."

பரீட்சை அறையில் கேள்வித்தாளைத் திருப்பியபோது மாப்பிள்ளைக்கு விசித்திரமாக இருந்தது. முதல் கேள்வி பிரேக். காதில் தட்டு உருண்டது, விடை வந்தது. இரண்டாவது எதிர் எடை. வாளி விளிம்பு அழுத்தியது, விடை வந்தது. வடம் அறுந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குத் தன்னையறியாமல் பாதி எழுந்து வழிவிடப் பார்த்தான். கண்காணிப்பாளர் உட்காரச் சொன்னார். உட்கார்ந்து அதையும் எழுதினான். எல்லாவற்றையும் எழுதிவிட்டு, எதையோ மறந்துவிட்டோம் என்ற சந்தேகத்தில் முதலிலிருந்து படித்துப் பார்த்தான். மறந்தது எதுவுமில்லை.

வெளியே வந்ததும் மாலை வகுப்பு ஆசிரியர் விடைகளைக் கேட்டுக்கொண்டே வந்தார். கேட்டு முடித்ததும் அவன் தோளில் தட்டி, "வாங்க மேற்பார்வையாளரே, டீ சாப்பிடலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மாமனார் ஹாலில் நின்றிருந்தார். நின்றிருந்தார்! தலை வாரி, செருப்பு மாட்டி, கையில் பையோடு.

"எப்படி எழுதினீங்க மாப்பிள்ளை?"

"ரொம்ப நல்லா எழுதியிருக்கேன் மாமா. இவ்வளவு தொந்தரவுல..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "இவ்வளவு வேலைக்கு நடுவுல எப்படிப் படிச்சேன்னு எனக்கே தெரியல."

மாமனாரும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"முத்து வெள்ளைதான்" என்றார் மாமனார். "முடிவு பண்ணிட்டேன்."

"இன்னைக்கா மாமா?" குரல் அவனை மீறி உயர்ந்துவிட்டது. "ஒரு வாரம் முன்னாடி பண்ணியிருக்கக் கூடாதா?"

"இன்னைக்குத்தான் வெளிச்சம் சரியா இருந்துச்சு. இந்த அறைக்கும் அதையே அடிக்கச் சொல்லிட்டேன். பெயிண்டர் உள்ளதான் இருக்காரு."

மனைவி அப்பாவை வழியனுப்பத் தெருவரை போனாள். மாப்பிள்ளை சின்ன அறைக்குள் நுழைந்தான். பெயிண்டர் ஏணிமேல் நின்று நிம்மதி வெள்ளையை முத்து வெள்ளையால் மறைத்துக்கொண்டிருந்தார். அறையின் நடுவே, செய்தித்தாள் போர்த்தியபடி, அந்தக் கட்டில் காலியாக இருந்தது. செய்தித்தாளை ஒதுக்கிவிட்டு அதில் சாய்ந்தான். உடம்பிலிருந்த எலும்பெல்லாம் ஒவ்வொன்றாக நன்றி சொல்லின.

"இங்க முடிச்சிட்டு நேரா மாமா வீட்டுக்குத்தானே போறீங்க?" என்றான் கண்ணை மூடியபடி. "பாவம், ஹால் இத்தனை நாளா பாதியில நிக்குது."

பிரஷ் சத்தம் நின்றது.

"எந்த ஹால் சார்?"

மாப்பிள்ளை கண்ணைத் திறந்தான். பெயிண்டர் ஏணியிலிருந்தபடியே வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"பரீட்சைதான் முடிஞ்சிடுச்சே, இனிமே சொன்னா தப்பில்ல. அய்யா வீட்டுக்கு நான் பச்சை அடிச்சு முடிச்சே ரெண்டு வருஷம் ஆச்சு சார். ரெண்டு தடவையும் உங்களைத் தோக்கடிச்சது இந்தக் கட்டில்தான்னு சொல்லி, மூணாவது தடவை நீங்க இதுல ஏறாம இருக்க உங்க சம்சாரம்தான் அய்யாவைக் கூப்பிட்டு இது மேல படுக்க வச்சாங்க."